வெளிச்சத்துக்கு வைக்காத பல்பு

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடியும். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் 61 நாளாக நீட்டினார்கள். அந்த இரண்டு மாதமும் மண்டபம், பாம்பன் பக்கத்து ஐஸ் கம்பெனிகளில் சத்தம் அடங்கிக் கிடக்கும். கேன்களுக்கு ஒட்டுப் போடுவார்கள், உப்புநீர்த் தொட்டியைக் கழுவுவார்கள், கம்ப்ரசரைப் பிரித்துச் சேர்ப்பார்கள். என்னைப் போல் மின் பேனல் வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். ஜூன் பிறந்துவிட்டால் எல்லாருக்கும் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். படகுகள் கிளம்பும் நாளுக்கு முன்பே ஐஸ் பார்கள் அடுக்கில் ஏறியிருக்க வேண்டும்.

அப்படி ஒரு ஜூன் இரண்டாம் வாரத்தில் மண்டபம் பக்கத்து ஐஸ் கம்பெனி ஒன்றின் ஆப்பரேட்டர் என்னை அழைத்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணன் என்ற முறையில் நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, கம்ப்ரசரை நிறுத்தினாலும் அம்மோனியா வால்வு மூடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்க் கை வால்வை அடைக்கிறேன். பேனல் கதவில் இருக்கும் பல்பும் அணையாமல் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. சீக்கிரம் வா."

பல்பைப் பற்றி அவர் சொன்னதைக் காதில் வாங்கினேன், மனத்தில் வாங்கவில்லை. அதை மட்டும் வாங்கியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்த வால்வு ஏன் மூட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரவ அம்மோனியா ஆவியாகும்போது உப்புநீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தக் குளிர்ந்த உப்புநீரில் நிற்கும் கேன்களில்தான் தண்ணீர் உறைந்து பாராகிறது. கம்ப்ரசர் ஓடும்வரை திரவம் குழாய்க்குள் போக வேண்டும். நின்றவுடன், மின்காந்தத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வு மூடி அதைத் தடுக்க வேண்டும். மூடாவிட்டால் திரவம் உள்ளே தேங்கும். அடுத்த முறை கம்ப்ரசரை ஓட்டும்போது ஆவிக்குப் பதில் திரவமே சிலிண்டருக்குள் புகும். திரவத்தை அமுக்க முடியாது. வால்வுத் தகடு உடையலாம், கனெக்டிங் ராடு வளையலாம், அம்மோனியா வெளியே வரலாம். காக்கா ஓடிப்போய்க் கை வால்வை அடைத்தது ஒரு பெரிய விபத்தை ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்ட வேலை.

நான் போய்ப் பார்த்தபோது, எல்லாவற்றையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யில் எந்தக் குறையும் தெரியவில்லை. கம்ப்ரசர் நின்றதும் அவுட்புட் கார்டில் அந்த வால்வுக்கான அவுட்புட்டின் சிறிய விளக்கு அணைகிறது. மடிக்கணினியில் பார்த்தால் அங்கும் அணைந்த நிலைதான். ஆனால் அந்த அவுட்புட் இயக்கும் ரிலே, அதாவது வால்வுக்கு மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் காந்தச் சுவிட்ச், விடவில்லை. கிளிக் என்ற சத்தம் வரவேண்டிய இடத்தில் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது. ரிலே பிடித்தபடி இருப்பதால் வால்வும் திறந்தே இருந்தது. பேனலின் மொத்த மின்சாரத்தையும் நிறுத்திப் போட்டால் ரிலே ஒழுங்காக விட்டுவிடும். மறுபடி கம்ப்ரசரை ஒருமுறை ஓட்டி நிறுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

நான் உப்பைச் சந்தேகித்தேன். இந்தக் கடற்கரையில் வேலை பார்க்கும் யாரும் அதைத்தான் செய்வார்கள். மண்டபத்தில் நின்றால் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வடக்கே அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே அலையடிப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஜூனில் தென்மேற்குக் காற்று வீசும்போது ஆண் கடல் பொங்கித் துளிகளைக் கரைக்குள் தூக்கி எறியும். அந்தத் துளி காய்ந்து உப்பாக எல்லாவற்றின் மேலும் படியும். பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தை இந்த உப்பு அரித்த கதை ஊரறிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் கேட்டதும் அதே உப்புதான்.

மின்காரனுக்கு உப்பு வேறு விதத்தில் எதிரி. சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நனைந்துவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும்: நஞ்சோடைத் தண்ணீர் (உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீர்) சரியாக வடியாத உப்பு மூட்டையில் கிடந்தே கசியும் என்பார்கள். வீட்டு ஜாடியில் உப்பு கசிவதும் அதனால்தான். டெர்மினல் கட்டையின் மேல் படிந்த உப்பும் அதேபோல் கசிந்து, இரண்டு திருகுகளுக்கு நடுவே மின்சாரத்துக்கு ஒரு நடைபாதை போட்டுவிடும்.

ஆகவே நான் முதல் நாள் முழுக்கச் சுத்தம் செய்தேன். டெர்மினல்களைக் கழற்றித் துடைத்தேன், ரிலே சாக்கெட்டை மாற்றினேன், ரிலேயையும் மாற்றினேன், வால்வுக்குப் போகும் கேபிளில் கசிவு உண்டா என்று மெக்கர் கருவியில் சோதித்தேன். கேபிள் பழுதில்லை. சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். புது ரிலேயும் விடவில்லை.

இரண்டாம் நாள் நண்பகலில்தான் எனக்கு உறைத்தது. உப்பால் வரும் கசிவுக்கு நேரம் காலம் உண்டு. விடியற்காலைப் பனியில் அதிகமாகும், வெயில் ஏறினால் குறையும். இந்தக் கோளாறு மட்டும் பட்டப்பகல் வெயிலிலும், ராத்திரி மூன்று மணிக்கும் ஒரே மாதிரி இருந்தது. அப்படி மாறாமல் இருப்பது அழுக்கால் வந்ததாக இருக்க முடியாது.

அவுட்புட் கம்பியைக் கழற்றி, அணைந்த நிலையில் மல்டிமீட்டரை வைத்தேன். கிட்டத்தட்ட 230 வோல்ட் காட்டியது. டெஸ்டரை வைத்தால் நியான் எரிந்தது. கார்டு போய்விட்டது, அதிலுள்ள மின்னணுச் சுவிட்சான டிரையாக் ஷார்ட் ஆகிவிட்டது என்று முடிவுகட்ட யாரையும் தூண்டும் காட்சி அது. பலர் அந்த இடத்தில் புதுக் கார்டுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். அவ்வளவு பெரிய தடையை வைத்து அளந்தால் துளியளவு மின்னோட்டம் தரக்கூடிய கம்பியும் முழு மின்னழுத்தத்தைக் காட்டும். கம்பியை மறுபடி ரிலேயில் மாட்டி அளந்தேன். 100 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தது. டிரையாக் உண்மையிலேயே ஷார்ட் ஆகியிருந்தால் இங்கும் 230 இருந்திருக்க வேண்டும்.

பையில் பழைய டெஸ்ட் லேம்ப் ஒன்று வைத்திருப்பேன். ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு, இரண்டு கம்பி. அதை ரிலே காயிலின், அதாவது ரிலேயை இழுக்கும் கம்பிச்சுருளின், இரு முனைகளிலும் தொட்டேன். பல்பு எரியவில்லை. ஆனால் தொட்ட அதே நொடியில் டக் என்று ரிலே விட்டது. வெளியே வால்வு மூடும் சத்தமும் கேட்டது.

காக்கா ஓடி வந்தார். "என்ன தம்பி செய்தாய்?"

"ஒன்றும் செய்யவில்லை காக்கா. பல்பை வைத்தேன், அவ்வளவுதான்."

நடந்ததை விளக்குவதற்கு டிரையாக் என்ன என்று சொல்ல வேண்டும். ரிலே அவுட்புட் கொண்ட கார்டில் இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டால் மின்சாரம் போகும், பிரிந்தால் நடுவில் காற்று. டிரையாக் அவுட்புட்டில் அசையும் பாகமே கிடையாது. சிலிக்கான் துண்டு ஒன்று மின்சாரத்தை விடுகிறது, தடுக்கிறது. தேய்மானம் இல்லை, தீப்பொறி இல்லை. அடிக்கடி ஓடி நிற்கும் வேலைக்கு அது அருமையான பொருள். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: அதன் முனைகளில் மின்னழுத்தம் சட்டென்று ஏறினால், யாரும் சொல்லாமலே தானாகத் திறந்துகொள்ளும். ரிலே காயில், கான்டாக்டர் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பெரிய ரிலே), சொலினாய்டு போன்றவற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வரும். டிரையாக் அணைவது மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும்போது; அந்த நேரத்தில் மின்னழுத்தம் ஏற்கெனவே உயரத்தில் நிற்கும். அது முழுவதும் ஒரே அடியாக டிரையாக்கின் மேல் விழும். அந்த அடியைத் தாங்கி மெதுவாக்கத்தான் டிரையாக்குக்கு இணையாக ஒரு கண்டென்சரையும் ரெசிஸ்டரையும் வைக்கிறார்கள். அதை ஸ்னப்பர் என்பார்கள்.

அந்த ஸ்னப்பர் எப்போதும் அங்கேயே இருக்கிறது. டிரையாக் மூடியிருந்தாலும் கண்டென்சர் வழியே மாறுதிசை மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். சிலிக்கானுக்குள் கசிவது சொற்பம். பெரும்பகுதி இந்தப் பக்கவழியில் போவதுதான். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயின் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மடைக் கதவை இறக்கிய பிறகும் வாய்க்காலில் ஒரு ஈரக்கோடு ஓடிக்கொண்டிருக்கும். நெல்வயலுக்கு அது ஒரு பொருட்டில்லை. வாய்க்காலில் வாழும் நண்டுக்கு அதுவே போதும்.

கணக்கைப் பார்ப்போம். ஸ்னப்பரில் 0.022 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருந்தால், 50 ஹெர்ட்ஸில் அதன் தடை ஏறத்தாழ 1,45,000 ஓம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 1.6 மில்லியாம்பியர் வருகிறது. டிரையாக் கார்டுகளின் கையேட்டில் அணைந்த நிலைக் கசிவு மின்னோட்டம் என்று ஒரு வரி இருக்கும். ஒன்றிரண்டு மில்லியாம்பியர் என்பது வழக்கமான அளவு. ஒரு பெரிய கான்டாக்டருக்கோ மோட்டாருக்கோ இது தூசு. ஆனால் பேனலில் சாக்கெட்டில் செருகும் சிறு ரிலேயின் 230 வோல்ட் காயில் முழுதாக இயங்கும்போதே 5 மில்லியாம்பியர்தான் எடுக்கும். அதற்கு 1.6 என்பது மூன்றில் ஒரு பங்கு.

காயிலில் அதனால் 74 வோல்ட் வரும் என்று சாதாரண வகுத்தல் சொல்லும். என் மீட்டர் 100-க்கு மேல் காட்டியதற்குக் காரணம் இருக்கிறது. காயிலின் தன்மையும் கண்டென்சரின் தன்மையும் ஒன்றுக்கொன்று எதிரானவை; தொடராக இருக்கும்போது ஒன்று மற்றதன் தடையில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அதனால் மொத்தத் தடை குறைந்து மின்னோட்டம் 2 மில்லியாம்பியரைத் தாண்டிவிடுகிறது. கையேட்டின் எண்ணை மட்டும் நம்பி, மயிரிழையில் தப்பிக்கும் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அப்படி ஏமாந்த பேனல்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் விளங்கியது. மின்சாரத்தை மொத்தமாக நிறுத்திப் போட்டால் சரியாகி, ஒருமுறை ஓட்டியதும் ஏன் பிடித்துக்கொள்கிறது? ரிலேயை இழுக்க ஒரு மின்னழுத்தம் வேண்டும், பிடித்துவைக்க இன்னொன்று போதும். இழுப்பதற்கு 80 சதவீதம் தேவை. விட்டுவிடும் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்வதோ 20 சதவீதத்துக்கு, அதாவது 46 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும். 100 வோல்ட்டால் ரிலேயை இழுக்க முடியாது, இழுத்ததை விடாமல் வைத்திருக்க முடியும். அதனால்தான் பேனலைப் புதிதாக ஓட்டிச் சோதிக்கிறவர்கள் கண்ணில் இது படாமல் போகிறது.

டெஸ்ட் லேம்ப் என்ன செய்தது என்பது இப்போது தெளிவு. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை, அது எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கசிந்து வந்த இரண்டு மில்லியாம்பியரும் அந்த எளிய வழியில் போய்விட்டன. காயிலில் ஒரு வோல்ட்கூட மிஞ்சவில்லை.

அப்போதுதான் கதவில் மினுக்கிக்கொண்டிருந்த பல்பை நிமிர்ந்து பார்த்தேன்.

"காக்கா, இது எப்போது போட்ட பல்பு?"

"தடைக்காலத்தில் கதவுக்கு வர்ணம் பூசும்போது பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு ஃபியூஸ் போயிருந்தது தம்பி. கடையில் கேட்டேன், எல்இடிதான் இருக்கிறது என்றான். நான்தான் மாட்டினேன்." கொஞ்சம் நிறுத்தி, "தப்பா?" என்று கேட்டார்.

தப்பே இல்லை என்று சொன்னேன். ஃபியூஸ் போன பல்பைப் பொறுப்பாக மாற்றிய மனிதர் அவர். அந்த ஹோல்டர் ரிலே காயிலுக்கு இணையாக இழுக்கப்பட்டிருந்தது. வரைபடத்தில் அது இல்லை. ஜீரோ வாட்ஸ் என்பது பெயர்தான். அது ஏறத்தாழ 15 வாட் எடுக்கும் குண்டு பல்பு. குளிர்ந்திருக்கும்போது சில நூறு ஓம் தடை. கசிவு முழுவதையும் இத்தனை வருடம் அதுதான் குடித்துக்கொண்டிருந்தது. எல்இடி அப்படிக் குடிக்காது. மின்னழுத்தம் ஓரளவு ஏறும்வரை அதற்குள் எதுவும் போகாது. ஏறிய பிறகும் துளியளவுதான். வீட்டில் எல்இடி விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் மங்கலாக ஒளிர்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். காக்கா முதல் அழைப்பிலேயே சொன்ன மினுக்கல் அதுதான். அவர் நோயின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

பல்பை முதலில் மாட்டியவர் யார் என்று விசாரித்தேன். அங்கே முன்பு எலக்ட்ரீசியனாக இருந்து, இப்போது உச்சிப்புளியில் மகன் வீட்டில் இருக்கும் பெரியவர் என்றார்கள். அவரைப் பார்க்கப் போனேன். வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"அது வெளிச்சத்துக்கு வைத்த பல்பு இல்லை தம்பி."

பி.எல்.சி. வந்த புதிதில் இதே கோளாறு வந்திருக்கிறது. பொருத்திய இன்ஜினியர் ஊருக்குப் போய்விட்டார். இவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, ரிலேக்குப் போகும் கம்பியில் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்து, வைத்தால் விடுகிறது, வைக்காமல் ஓட்டி நிறுத்தினால் பிடித்தே நிற்கிறது என்று கண்டிருக்கிறார். ஸ்னப்பர் என்ற சொல் அவருக்குத் தெரியாது. "அணைத்தாலும் கொஞ்சம் வருகிறது. அந்தக் கொஞ்சத்துக்குப் போக ஒரு இடம் வேண்டும். இடம் கொடுத்தேன்," என்றார். நான் பாடப்புத்தகத்தில் படித்ததைவிட அது சுத்தமான விளக்கம். என்னுடைய இரண்டு நாள் வேலையை அவர் ஓர் இரவில், கையேடு எதுவும் இல்லாமல் முடித்திருந்தார்.

பல்பையே திரும்ப வைத்துவிடலாமே என்று காக்கா கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இழை அறுந்தால் யாருக்கும் தெரியாது. அறுந்த அன்றே வால்வு திறந்தே நிற்கும். பழுதாகும்போது ஆபத்தின் பக்கம் சாய்கிற பொருளை அம்மோனியாவுக்குக் காவல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைகளில் குண்டு பல்பும் அருகி வருகிறது.

அன்றைக்கு உடனடியாகச் செய்தது ஒரு ரெசிஸ்டர். 10,000 ஓம், 10 வாட், கம்பி சுற்றியது, ரிலே காயிலுக்கு இணையாக. 1.6 மில்லியாம்பியர் அதன் வழியே போனால் 16 வோல்ட்தான் வரும்; 46-க்கு வெகு கீழே. அவுட்புட் இயங்கும்போது 230 வோல்ட்டும் அதன் மேல் விழும், 5.3 வாட் சூடாகும். அதனால் 10 வாட்டுக்குக் குறைந்ததை வைக்கக் கூடாது. கால் வாட் ரெசிஸ்டர் வைத்துக் கருகிப்போன பேனலும் உண்டு. இதை எழுதுவதற்கே அந்தக் கருகல்தான் ஒரு காரணம்.

நிரந்தரமான வழி வேறு. இந்த மாதிரி வால்வுகளை டிரையாக் கார்டிலிருந்து எடுத்து ரிலே அவுட்புட் கார்டுக்கு மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். கூடவே, கம்ப்ரசர் கான்டாக்டரின் துணைத் தொடுமுனை ஒன்றை வால்வுக்குப் போகும் கம்பியிலேயே தொடராகப் போட்டேன். இனி கம்ப்ரசர் நின்றால், பி.எல்.சி. என்ன நினைத்தாலும் வால்வுக்கு மின்சாரம் கிடையாது. டிரையாக் பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் பழுதாகும். அந்த நாளுக்கும் இது காவல். கார்டில் விளக்கு அணைந்திருக்கிறதே என்று நம்பிக் கம்பியில் கை வைக்கும் இளைஞர்களிடம் நான் இதைத் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்கிறேன்: பிரேக்கரை இறக்கிப் பூட்டுங்கள், பிறகு தொடுங்கள்.

வரைபடத்தில் ரெசிஸ்டரை வரைந்து, எதற்கு அது, எடுத்தால் என்ன ஆகும் என்று பக்கத்தில் தமிழில் எழுதினேன். கதவின் உட்புறத்திலும் ஒட்டினேன். அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி உச்சிப்புளிக்குப் போனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"ரெசிஸ்டர் சுடுமே. எங்கே வைத்தாய்?"

"மேலே, கம்பிப் பாதையை விட்டுத் தள்ளி, பீங்கான் தாங்கியில்."

"சரி." தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "இரண்டாவது கம்ப்ரசரின் பேனலிலும் ஒரு பல்பு வைத்திருந்தேனே. அதைப் பார்த்தாயா?"

நான் பார்க்கவில்லை. காக்காவைக் கைப்பேசியில் அழைத்து, நான் வரும்வரை இரண்டாவது கம்ப்ரசரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மண்டபம் போகும் பஸ்ஸுக்கு நடந்தேன்.